தண்ணீர் குடிக்கும் தரை: செலவு மேட்டுக்கு, பலன் பள்ளத்துக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாள் எந்தக் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் ஒரு பழைய வீடியோ வந்து உட்கார்ந்திருக்கும். பிரிட்டனின் லஃபார்ஜ் டார்மாக் நிறுவனம் 2015-ல் வெளியிட்டது அது. கார் நிறுத்தும் தரையில் தண்ணீரைக் கொட்டுகிறார்கள், கொட்டக் கொட்டத் தரை குடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு நிமிடத்தில் 4,000 லிட்டர் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. அதற்குக் கீழே நம் ஆட்கள் போடும் கேள்வியும் மாறுவதே இல்லை: “இதை ஏன் நம்ம முனிசிபாலிட்டி செய்ய மாட்டேங்குது?”

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வீடியோவில் தெரிவது மேல்தோல் மட்டும். மறைந்த தண்ணீர் எங்கே போய் நிற்கிறது, அங்கிருந்து எப்போது கிளம்புகிறது, அந்தக் குழியை வெட்ட யார் காசு கொடுத்தார்கள், அதனால் யார் வீடு நனையாமல் தப்பியது என்று கேட்டுக்கொண்டே போனால்தான் விஷயம் பிடிபடும். டர்பன் மாதிரி மேடும் பள்ளமுமான ஊரில் கடைசி இரண்டு கேள்விக்கும் ஒரே ஆள் பதிலாக வர மாட்டார். மேட்டில் இருப்பவர் செலவு செய்ய வேண்டும், பள்ளத்தில் இருப்பவருக்குப் பலன் போகும். இந்த வகைத் தரை பேச்சோடு நின்றுபோவதற்குக் கல் விலையைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

வெள்ளம் இந்த ஊரில் நம்மவர்களுக்குப் புதிதில்லை. 1917 அக்டோபரில் உம்கெனி ஆறு கரை புரண்டபோது, ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்தில் காய்கறி பயிரிட்டுக்கொண்டிருந்த இந்தியக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக அடித்துச் செல்லப்பட்டன. மாரிமுத்து படவட்டானும் அவரோடு படகில் போன மீனவர்களுமாக ஆறு பேர் சேர்ந்து 176 உயிர்களை மீட்ட கதை டர்பன் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் பேச்சில் வரும். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த டின் டவுன் என்ற தகரக் குடியிருப்பு 1976 வெள்ளத்தில் மூழ்கியது. அங்கிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் ஃபீனிக்ஸில் முதன்முதலாகக் குடியேறியவர்களில் அடக்கம். அப்புறம் 1987 செப்டம்பர், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல். கடைசியாகச் சொன்னதில், 11, 12 தேதிகளில், சில இடங்களில் 24 மணி நேரத்துக்குள் 300 மி.மீ.க்கு மேல் கொட்டியது. டர்பனுக்கு ஆண்டு முழுவதும் சேர்த்தே சராசரி 1,000 மி.மீ. அளவுதான் மழை. 400 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். டொங்காட் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து, அந்த ஊர் மாதக்கணக்கில் டேங்கர் லாரியை எதிர்பார்த்து நின்றது. இந்த அளவு மழை முன்பு 40 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடியதாக இருந்தது, பூமி சூடேறியதால் இப்போது 20 ஆண்டுக்கு ஒருமுறை வரலாம் என்று வேர்ல்டு வெதர் அட்ரிபியூஷன் விஞ்ஞானிகள் அடுத்த மாதமே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள்.

மழை கூடியது ஒரு பாதி, தரையை நாம் மூடியது மறுபாதி. இந்தியர்கள் அதிகம் வாழும் சேட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பேட்டைகளில் வீடுகள் ஒட்டி ஒட்டிக் கட்டப்பட்டவை. ஆனாலும் முன்னால் கொஞ்சம் புல்லும் பின்னால் முருங்கை, கறிவேப்பிலை, ஒரு மாமரமும் நிற்க இடம் இருந்தது. கார் வந்தது, பிள்ளைகள் வளர்ந்து இரண்டாவது கார் வந்தது, வாடகைக்கு விட பின்பக்கம் அவுட்பில்டிங் வந்தது, மீதி இருந்த இடத்துக்கெல்லாம் பேவிங் போட்டாகிவிட்டது. யாரையும் குறை சொல்வதற்கில்லை, சேறு மிதிக்காமல் வீட்டுக்குள் போக எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் புல் தரையில் விழும் மழையில் சிறு பங்குதான் வழிந்து ஓடும். தார், சிமென்ட் தரையில் பத்தில் ஒன்பது பங்கு ஓடிவிடும். 100 சதுர மீட்டர் முற்றத்தில் 100 மி.மீ. மழை விழுந்தால் 10,000 லிட்டர். அதில் 9,000 லிட்டர் கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போகிறது, ரோட்டிலிருந்து குழாய்க்கு, குழாயிலிருந்து உம்லத்துசானா ஆற்றுக்கு. ஒரு சரிவில் இப்படி 200 வீடு இருந்தால் 18 லட்சம் லிட்டர், அதுவும் எல்லாம் ஒரே நேரத்தில். நம் பேட்டைகளில் கிடக்கும் குழாய்கள் புல்லும் மரமும் இருந்த காலத்துக்குப் போட்டவை.

சரி, தண்ணீர் இறங்கும் தரை என்றால் என்ன? மூன்று வகை புழக்கத்தில் இருக்கிறது. மணலைச் சேர்க்காமல் ஜல்லியையும் சிமென்ட் பாலையும் மட்டும் கலந்து, பொரி உருண்டை போல இடையிடையே ஓட்டை இருக்கும்படி வார்க்கும் கான்கிரீட் ஒன்று. அதன் கன அளவில் 15 முதல் 25 சதவீதம் வெற்றிடம். அதே முறையில் பொடியைக் குறைத்துப் போடும் தார் இன்னொன்று. மூன்றாவது, நமக்கெல்லாம் பழக்கமான பேவிங் கல்லையே கொஞ்சம் இடைவெளி விட்டுப் பதிப்பது. இதில் கல் தண்ணீர் குடிக்காது, இடுக்குதான் குடிக்கும். சாதாரண பேவிங்கில் கல்லோடு கல் ஒட்டியிருக்கும், நடுவில் மெல்லிய மணலைத் தூவிப் பெருக்கிவிடுவார்கள். இந்த வகையில் 6 முதல் 13 மி.மீ. வரை இடுக்கு விட்டு, அதற்குள் சின்னச் சின்னப் பொடிக் கற்களை நிரப்புகிறார்கள், மணல் ஒரு கைப்பிடி கூடச் சேரக் கூடாது. குனிந்து பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். மணல் போட்ட இடுக்கு நனைந்ததும் கறுத்து இறுகி, கொஞ்ச நாளில் பாசி பிடித்துவிடும்; கல் போட்ட இடுக்கில் விரல் நுனியால் கிளறினால் பொடிக் கல் உருண்டு நகரும்.

வேலையெல்லாம் கீழே நடக்கிறது. மேல் கல்லுக்கு அடியில் பொடிக் கல் ஓர் அடுக்கு, அதற்குக் கீழே நடுத்தர ஜல்லி, அதற்கும் கீழே பெரிய ஜல்லி, எல்லாவற்றுக்கும் அடியில் மண். ஜல்லி முழுக்க அலசிய ஒரே அளவுக் கல்லாக இருக்க வேண்டும், தூள் இருக்கவே கூடாது. இங்கேதான் வழக்கமான ரோடு போடும் ஆட்களுக்குச் சங்கடம் வருகிறது. அவர்கள் தொழில் கற்றதே ஜி5 போன்ற, தூளும் கல்லும் கலந்து உருட்டினால் சுண்டக் கெட்டியாகும் சரக்கில். ரோட்டின் அடியில் தண்ணீர் இறங்கினால் குழி விழும் என்பது அவர்களுடைய முதல் பாடம், டர்பன் ரோட்டுக் குழிகளைப் பார்த்தவர்களுக்கு அதில் சந்தேகமே வராது. தூள் இல்லாத ஜல்லி அப்படி இளகாது, கல்லோடு கல் முட்டிக்கொண்டு நனைந்தபடியே பாரம் தாங்கும். ஆனால் இதை நம்பவைக்க நேரம் பிடிக்கும். மேலே இடுக்கு விட்ட நல்ல கல்லை வாங்கிப் போட்டு, அடியில் பழக்க தோஷத்தில் கிரஷர் தூளைப் பரப்பிவிட்ட தரையை நான் பார்த்திருக்கிறேன். பார்க்க அழகாகத்தான் இருக்கும். மழையில் சாதாரண பேவிங் போலவே ஓடும்.

அந்த ஜல்லி அடுக்குதான் தொட்டி. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஏறக்குறைய 40 சதவீதம் வெற்றிடம் இருக்கும் என்பதால், 300 மி.மீ. ஆழம் ஜல்லி போட்டால் 120 மி.மீ. மழையை உள்ளே நிறுத்தலாம். 2022 மழையை வைத்துப் பார்ப்போம்: 24 மணி நேரத்தில் 300 மி.மீ., சீராகப் பெய்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் மண் மணிக்கு 10 மி.மீ. உள்ளே வாங்கும் மணல் என்றால் ஒரு நாளில் 240 மி.மீ. மண்ணுக்குள் போய்விடும், மீதி தொட்டியில் தங்கும், ஒரு சொட்டு வெளியே வராது. மணிக்கு 1 மி.மீ. மட்டும் வாங்கும் களிமண் என்றால்? மண் 24, தொட்டி 120, மொத்தம் 144. மற்ற 156 மி.மீ. ரோட்டுக்கு வரும். ஒரே கல், ஒரே ஆழம், ஒரே மழை, ஆனால் மண்ணைப் பொறுத்துப் பாதிக்கு மேல் தவறிப்போகிறது. இதோடு கூரைத் தண்ணீரையும் இதற்குள்ளேயே திருப்பிவிட்டால் கணக்கு இன்னும் சீக்கிரம் உடையும்.

டர்பனில் இரண்டு வகை மண்ணும் இருக்கிறது. கடலோரமாகப் பெரியா மேட்டை ஒட்டி ஓடும் செம்மணல் தண்ணீரை நன்றாக வாங்கும். உள்ளே மேற்கே போகப் போக ஷேல் பாறையும் அதன் மேல் களியும் தட்டுப்படும், அங்கே மெதுவாகத்தான் இறங்கும். செம்மணல் இருக்கிறது, எல்லா இடத்திலும் இறக்கிவிடலாம் என்றும் கிளம்பிவிட முடியாது. 2022-ல் பல வீடுகள் போனது ஆற்று வெள்ளத்தால் மட்டும் இல்லை, நனைந்து ஊறிய சரிவு அப்படியே சரிந்து விழுந்ததால். கரை விளிம்பில் நிற்கும் வீட்டில் தண்ணீரை மண்ணுக்குள் இறக்குவது கீழ்வீட்டுக்காரர் தலையில் மண்ணைக் கொட்டுகிற வேலையாகிவிடும். அந்த மாதிரி இடத்தில் ஜல்லிக்கு அடியில் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, ஒரு சின்னக் குழாய் வைத்து, தண்ணீரை மண்ணுக்கு விடாமல் நேரம் கடத்தி மெதுவாக வடிகாலுக்கு அனுப்பலாம். அதுவும் பயன்தான், வெள்ளத்தில் எவ்வளவு என்பதைப் போலவே எப்போது என்பதும் முக்கியம். சுவரின் அஸ்திவாரத்துக்கு ஒட்டியும் இறக்கக் கூடாது, 3 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். அப்புறம் சரிவு. நூறு மீட்டருக்கு 5 மீட்டருக்கு மேல் இறங்கும் இடத்தில் தண்ணீர் ஜல்லிக்குள்ளேயே கீழ்முனைக்கு ஓடி அங்கே பொங்கி வெளியே வரும். நடுநடுவே குறுக்குத் தடுப்பு கட்ட வேண்டும், கட்டினால் செலவு ஏறும். சேட்ஸ்வர்த்தில் கார் ஏற முதல் கியர் கேட்கும் ட்ரைவ்வேக்களை இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இது ஆற்று வெள்ளத்தை நிறுத்தாது. சீனா 2015-ல் 16 நகரங்களைத் தேர்ந்தெடுத்து, நகரமே பஞ்சு போலத் தண்ணீரை உறிஞ்ச வேண்டும் என்று பெரும் பணம் இறக்கியது. பிறகு இன்னும் பல நகரங்கள் சேர்ந்தன. அந்த வழியில் போன செங்சோவில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. பெய்தது. சுரங்க ரயிலுக்குள் மட்டும் 14 பேர் செத்தார்கள். அதைக் காட்டி எல்லாம் வீண் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது சரியான வாதமாகப் படவில்லை, ஆண்டுக்குப் பலமுறை பெய்யும் 20, 30, 50 மி.மீ. மழைக்காகச் செய்வதை நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழையில் வைத்துத் தேர்வு வைக்கிறார்கள். அதே நேரம், பால்மியட் ஆற்றங்கரையில் குவாரி ரோடு வெஸ்ட் குடிசைகளில் இருப்பவர்களிடம் போய், மேலே பேவிங்கை மாற்றிவிட்டோம், இனி பயமில்லை என்று சொல்பவர் இருந்தால் அவர் பொய் சொல்கிறார். 2019-லும் 2022-லும் அந்த இடம் அடிவாங்கியது. அவர்களுக்கு வேண்டியது முதலில் முன்னெச்சரிக்கையும் பாதுகாப்பான நிலமும்.

சிறு மழையில்தான் இதன் சுற்றுச்சூழல் லாபம் முழுசாகத் தெரிகிறது. பல நாள் வெயிலுக்குப் பிறகு விழும் முதல் அரை மணி மழை ரோட்டில் சேர்ந்த அத்தனை அழுக்கையும் கழுவிக்கொண்டு போகும்: பிரேக்கிலிருந்து தேய்ந்த செம்பு, டயரிலிருந்து உதிர்ந்த துத்தநாகமும் ரப்பர் தூளும், சொட்டிய எஞ்சின் ஆயில். டர்பனில் மழைநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனி. மழைநீர்க் குழாயில் போவது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேரே ஆற்றுக்குப் போகிறது. உம்பிலோவும் உம்லத்துசானாவும் போய்ச் சேருவது துறைமுக வளைகுடாவில். தண்ணீர் ஜல்லி வழியே இறங்கும்போது மண்துகளும் அதோடு ஒட்டிய உலோகமும் பெரும்பாலும் மேல் சில சென்டிமீட்டரிலேயே தங்கிவிடுகின்றன. சொட்டிய எண்ணெயைக் கல் மேல் வளரும் நுண்ணுயிர்கள் மெல்லத் தின்றுவிடும். டயர் விஷயம் இப்போது இன்னும் கவனிக்கப்படுகிறது. அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்து ஓடைகளில் மழை பெய்தவுடன் கோஹோ சால்மன் மீன்கள் கும்பலாகச் செத்து மிதந்ததற்கு, டயர் ரப்பர் விரிசல் விடாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு ரசாயனம் காற்றிலுள்ள ஓசோன் பட்டு மாறி உண்டாகும் 6பிபிடி-குவினோன்தான் காரணம் என்று 2020 டிசம்பரில் கண்டுபிடித்தார்கள். அந்த ரப்பர் துகள்களை வடிகட்டி நிறுத்த, இந்த வகைத் தரை நன்றாகவே உதவுகிறது. உரத்திலிருந்து வரும் நைட்ரேட்டை மட்டும் இது பிடிக்காது, அது தண்ணீரோடு கரைந்து இறங்கிவிடும். பெட்ரோல் பங்க், லாரி பட்டறை, டாக்சி ரேங்க் போன்ற இடங்களில் போடவே வேண்டாம், சொட்டுவதெல்லாம் நிலத்தடிக்குப் போகும்.

ரோட்டோர மரங்களுக்கு இது வரம். வேருக்குக் காற்றும் தண்ணீரும் கிடைப்பதால் பேவிங்கைப் பெயர்த்துக்கொண்டு மேலே வர வேண்டிய அவசியம் குறைகிறது. நனைந்த ஜல்லியிலிருந்து ஈரம் ஆவியாகும்வரை தரை கொஞ்சம் குளுமையாகவும் இருக்கும், காய்ந்தபின் அந்தச் சலுகை போய்விடும். மறுபக்கக் கணக்கையும் வைக்க வேண்டும்: ஆழமாகத் தோண்டுவதால் கூடுதல் மண் போகிறது, கூடுதல் கல் வருகிறது, ரெண்டும் டீசல் லாரியில். குவாரிக்கு அருகில் இருக்கும் ஊருக்கும் தொலைவில் இருக்கும் ஊருக்கும் சுற்றுச்சூழல் லாபம் ஒன்றாக இருக்க முடியாது.

இனி காசு. கல்லின் விலை வித்தியாசம் பெரிதாக உறுத்தாது. சிகாகோ நகரம் இதற்கு நல்ல உதாரணம், அங்கே வீடுகளுக்குப் பின்னால் ஓடும் சந்துகள் மட்டும் 3,000 கிலோமீட்டர் நீளம். 2006-ல் அவற்றைத் தண்ணீர் இறங்கும் தரையாக மாற்றத் தொடங்கியபோது அந்தக் கான்கிரீட் ஒரு கன யார்டு 145 டாலர் அளவில் இருந்தது, அடுத்த ஆண்டே 45 டாலர் அளவுக்கு இறங்கி, சாதாரணக் கான்கிரீட்டின் விலைக்கு வந்துவிட்டது. வாங்க ஆள் தொடர்ந்து இருக்கிறார் என்று தெரிந்ததும் சரக்குப் போடுகிறவர்கள் போட்டி போட்டார்கள், அவ்வளவுதான். செலவு எங்கே ஏறுகிறது என்றால் குழியில். 40 சதுர மீட்டர் ட்ரைவ்வே ஒன்றை வைத்துக்கொள்வோம். வழக்கமான பேவிங்கைவிட 250 மி.மீ. கூடுதல் ஆழம் தோண்டினால் 10 கன மீட்டர் மண் வெளியே போக வேண்டும், ஒரு 10 கியூப் லாரி நிறைய. தோண்டிய மண் உப்புவதால் அதற்கு மேலும் வரும். அதே அளவு அலசிய ஜல்லி உள்ளே வர வேண்டும், கிட்டத்தட்ட 15 டன். கூலி, லாரி வாடகை, மண் கொட்டும் இடத்துக்குக் கட்டணம் என்று எல்லாம் அதன் பின்னால் வரும்.

அமெரிக்க, ஜெர்மன் கட்டுரைகளில் ‘மொத்தத்தில் இது மலிவு’ என்று படிக்கும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே பழைய நகரங்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகின்றன. மழைநீரைக் குறைத்தால் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மிச்சம், ஆற்றில் கழிவு பொங்கி வழிவதற்குக் கட்டும் அபராதமும் மிச்சம். பிலடெல்பியா 2011-ல் தொடங்கிய 25 ஆண்டுத் திட்டம் நிற்பதே அந்தக் கணக்கில். தென்னாப்பிரிக்காவில் குழாய்கள் தனித்தனி என்பதால் அந்த மிச்சத்தை இங்கே அப்படியே எழுத முடியாது. கூரைத் தண்ணீரைத் திருட்டுத்தனமாகக் கழிவுநீர்க் குழாயில் விடும் வீடுகள் இருப்பதால் ஓரளவு இங்கும் பொருந்தும் என்று வேண்டுமானால் வாதாடலாம். இங்கே உண்மையாக மிச்சமாவது வேறு இடத்தில்: புது மால், அடுக்குமாடி, கிடங்கு கட்டுகிறவர் எப்படியும் மழைநீரைப் பிடித்துவைத்து மெதுவாக விட ஒரு தொட்டியோ குளமோ கட்ட வேண்டியிருக்கிறது. கார் நிறுத்தும் இடத்தையே அந்தத் தொட்டியாக ஆக்கினால் குளத்துக்கு ஒதுக்கிய நிலம் கைக்கு வரும். நில விலை ஏறிய உம்ஹ்லங்கா பக்கத்தில் அதுவே செலவைச் சரிக்கட்டிவிடும். அவருக்குச் செலவும் லாபமும் ஒரே பையில்.

சாதாரண வீட்டுக்காரருக்கு அப்படி இல்லை. மேட்டில் இருக்கிற அண்ணன் 15 டன் ஜல்லி வாங்கிப் போட்டால் அவர் வீட்டில் எதுவும் மாறாது, அவர் முற்றத்தில் முன்பும் தண்ணீர் நிற்கவில்லை. மாறுவது கீழே மூன்றாவது தெருவில் இருக்கும் அக்கா வீட்டில். அவர்கள் இரண்டு பேரும் கோயிலில் பார்த்துக்கொள்வார்களோ என்னவோ, இந்தக் கணக்கை ஒருவருக்கொருவர் தீர்த்துக்கொள்ள வழி கிடையாது. ஜெர்மனியில் பல நகராட்சிகள் இதற்கு ஒரு வழி கண்டன: குடிநீர் அளவை வைத்து மட்டும் கழிவுநீர்க் கட்டணம் வாங்காமல், வீட்டில் எத்தனை சதுர மீட்டர் தரை மூடியிருக்கிறது என்று அளந்து மழைநீருக்குத் தனிக் கட்டணம் போடுகிறார்கள். தண்ணீர் இறங்கும் தரை என்றால் தள்ளுபடி. மூடுகிறவர் கட்டுகிறார், திறக்கிறவருக்கு ஆண்டுதோறும் மிச்சம். இங்கே மழைநீர் வடிகால் செலவு சொத்து வரியோடு கலந்து போய்விடுவதால், முழு முற்றத்தையும் சிமென்ட் போட்டு மூடியவரும் மாமரத்தை விட்டுவைத்தவரும் ஒரே கணக்கில் வருகிறார்கள். மாநகராட்சி புதுக் கட்டணம் என்று வாயெடுத்தாலே என்ன சத்தம் கிளம்பும் என்று எனக்கும் தெரியும், மின்சார பில்லையும் தண்ணீர் பில்லையும் பார்த்தபின் யாருக்கும் மனசு வராது. அதனால் கட்டணம் வேண்டாம், தள்ளுபடியிலிருந்து தொடங்கலாம் என்பேன். கேட்க எளிது, வருவாய் குறையும் என்று நிதித்துறை மறுக்கும், அதுவும் புரிகிறது.

அந்த மேட்டு வீட்டு அண்ணனிடம் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்றால் நான் முதலில் கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் ஜோஜோ பிளாஸ்டிக் டேங்க் வாங்கச் சொல்வேன். 5,000 லிட்டர் டேங்க் ஒன்று 100 சதுர மீட்டர் கூரையில் விழும் 50 மி.மீ. மழையைப் பிடிக்கும். டொங்காட்டில் குழாய் வறண்ட மாதங்களை மறக்காதவர்களுக்கு இதன் அருமை சொல்லத் தேவையில்லை. அந்தப் பலன் அவர் வீட்டுக்கே வரும், வெள்ளம் குறைவது கூடுதல். ஒரே நிபந்தனை, மழைக்கு முன் டேங்கைக் காலி செய்து வைக்க வேண்டும். நிறைந்த டேங்க் வெள்ளத்துக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் இந்த ஊரில் யாருக்கு நிறைந்த டேங்கைத் திறந்துவிட மனசு வரும்?

பராமரிப்பைப் பற்றி விற்கிறவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுவார்கள், அதில்தான் பல தரைகள் செத்துப்போகின்றன. புதிதாகப் போட்ட தரை மணிக்கு ஆயிரக்கணக்கான மில்லிமீட்டர் வாங்கும், நாளாக ஆக அதில் பத்தில் ஒரு பங்காக இறங்கினாலும் எந்த மழைக்கும் போதும். ஆபத்து மேலிருந்து வழிந்து வரும் சேறு. பக்கத்தில் கட்டட வேலை நடந்து செம்மண் குவியல் கிடந்தால், ஒரே மழையில் இடுக்கெல்லாம் அடைந்துவிடும். தரை பழையதாகி அடைவதைவிட, கட்டும்போதே இப்படி அடைந்துபோவதுதான் அதிகம். பெரிய இடங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ உறிஞ்சும் வண்டியை வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் மெஷினை எடுத்துக் கழுவுவது வீட்டுக்காரர்கள் செய்யும் முதல் காரியம், அது அழுக்கை இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடும். இடுக்கு விட்ட பேவிங்கில் ஒரு வசதி உண்டு: அடைந்துபோனால் மேல் இரண்டு சென்டிமீட்டர் பொடிக் கல்லை மட்டும் கிளறி எடுத்துவிட்டுப் புதுக் கல்லைப் பெருக்கி நிரப்பலாம். ஓட்டைக் கான்கிரீட்டில் அது முடியாது. தென்னாப்பிரிக்க நீர் ஆராய்ச்சி ஆணையத்துக்காகக் கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் நீல் ஆர்மிடேஜ் குழு 2013-ல் கொடுத்த வழிகாட்டியிலும் பராமரிப்பு பற்றிய எச்சரிக்கை உண்டு. மழைநீர்க் குழாயின் வாயில் கிடக்கும் பிளாஸ்டிக்கை எடுக்கவே ஆளில்லாத மாநகராட்சியிடம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ரோட்டை உறிஞ்சும் வண்டியால் சுத்தம் செய்யச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேருந்தும் சரக்கு லாரியும் வளைந்து திரும்பும் ரோட்டில் மேல் கல் வேறு பெயர்ந்துபோகும். எனவே பெரிய ரோடுகளை விட்டுவிடுவோம்.

அப்புறம் எங்கே போடுவது? சொந்தக்காரர் ஒருவரே, இடம் பெரிசு, கிட்டத்தட்ட சமதளம், வண்டிப் பாரம் குறைவு, பெருக்க ஆள் உண்டு. இந்த ஐந்தும் சேர்ந்த இடம் நம் சமூகத்திடமே நிறைய இருக்கிறது: கோயில் வளாகங்கள், கல்யாண மண்டபங்களின் கார் நிறுத்தும் இடங்கள். தைப்பூசக் காவடி, புரட்டாசி, சித்திரைத் திருநாள்களின் கார்க் கூட்டம் ஆண்டுக்குச் சில நாள்தான், மற்ற நாளெல்லாம் காலி. பல கோயில்கள் ஆற்றையோ ஓடையையோ ஒட்டி இருப்பதால் கீழ்ப்பக்கம் இருப்பவர்களின் கஷ்டம் கமிட்டிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு திருத்தம் மட்டும்: பால்குடம் இறக்கும் இடம், கற்பூரம் ஏற்றும் இடம், பூக்குழி வெட்டும் இடம் இவற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். பாலும் எண்ணெயும் சாம்பலும் ஒரு திருவிழாவில் இறங்கினால் இடுக்கு அத்தோடு முடிந்தது. அங்கே பழைய சிமென்ட் தரையே இருக்கட்டும், கார் நிற்கிற பக்கம் மட்டும் மாற்றினால் போதும்.

அப்படி ஒரு கமிட்டி முடிவெடுத்தால் கான்ட்ராக்டரிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. வேலை தொடங்குமுன் ஒரு குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி, மண் மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் வாங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், ஜல்லியின் ஆழத்தை அந்த எண் முடிவு செய்யட்டும். லாரியில் வரும் ஜல்லியைக் கையில் அள்ளிப் பாருங்கள், உள்ளங்கை வெள்ளையாகத் தூள் ஒட்டினால் திருப்பி அனுப்புங்கள். வேலை முடிந்ததும் 300 மி.மீ. விட்டமுள்ள ஒரு வளையத்தைத் தரையில் வைத்து, ஓரத்தில் பிளம்பர் பசையால் அடைத்து, முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டு, பிறகு 18 லிட்டரை மட்டம் மாறாமல் ஊற்றி நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்தில் இறங்கினால் மணிக்கு 15,000 மி.மீ. அளவு, புதுத் தரைக்கு அருமை. பத்து நிமிடம் ஆனால் 1,500 அளவு, ஓடும் தரைதான், ஆனால் புதிதாகப் போட்டதற்கு இது குறைவு, இடுக்கில் என்ன போட்டார்கள் என்று கிளறிப் பார்க்க வேண்டும். அரை மணி நேரமாகியும் தண்ணீர் வளையத்துக்குள் நின்றால் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். அதே வளையத்தை அதே இடத்தில் ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரைக்கு முன்பு வைத்து, நேரத்தைக் கணக்கு நோட்டில் எழுதி வைத்தால் எப்போது சுத்தம் செய்ய ஆள் கூப்பிட வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.